'வித்னெயில் அண்ட் ஐ': ஓடாத படம் ஒன்று இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருப்பது எப்படி?

1987-இல் ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைப் படம் வந்தது. அதில் கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. காதல் கிடையாது. பெண் பாத்திரங்கள் ஓரிரு காட்சியில் வந்து போவதோடு சரி. நடித்தவர்களில் ஒருத்தர்கூட அப்போது நட்சத்திரம் இல்லை. இயக்குநருக்கு அதுதான் முதல் படம். தியேட்டரில் சொல்லிக்கொள்ளும்படி ஓடவும் இல்லை. ஆனால் 1999-இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் இருபதாம் நூற்றாண்டின் சிறந்த நூறு பிரிட்டிஷ் படங்களைப் பட்டியலிட்டபோது அதற்கு 29-ஆவது இடம் கிடைத்தது. அதில் வந்த பாழடைந்த பண்ணை வீட்டைத் தேடி இன்றைக்கும் ஆட்கள் மழையில் நனைந்துகொண்டு நடந்து போகிறார்கள். வசனங்களை வரி விடாமல் ஒப்பிக்கிறார்கள்.

படத்தின் பெயர் 'வித்னெயில் அண்ட் ஐ'. எழுதி இயக்கியவர் ப்ரூஸ் ராபின்சன். அப்படி என்னதான் இருக்கு இதுல என்பதுதான் இந்தக் கட்டுரை. முடிவைப் பற்றியும் பேசப்போகிறேன். பேசாமல் இந்தப் படத்தைப் பற்றி உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது. முடிவு தெரிந்தாலும் கெட்டுப்போகிற படம் இல்லை இது.

கதை, இருக்கிற அளவுக்கு

1969-ஆம் வருஷம், இலையுதிர் காலம், லண்டனில் காம்டன் டவுன். வேலையில்லாத இரண்டு இளம் நடிகர்கள் ஒரு குப்பைமேட்டு வீட்டில் வாழ்கிறார்கள். ஒருவன் வித்னெயில். மேட்டுக்குடியில் பிறந்தவன். நீளமான கோட், அதைவிட நீளமான வாய். எப்போதும் குடி. இன்னொருவன்தான் தலைப்பில் வருகிற 'நான்'. அவன் பெயர் மார்வுட். திரைக்கதையில் அப்படி இருக்கிறதே தவிர, படத்தில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒரு தந்தி வரும் காட்சியில் உற்றுப் பார்த்தால்தான் உண்டு.

குளிர், பசி, போதை. சமையலறைத் தொட்டியில் என்ன வளர்கிறது என்று தெரியாத பயம் வேற. கொஞ்ச நாள் வெளியே போனால் தேவலை என்று மார்வுட்டுக்குத் தோன்றுகிறது. வித்னெயிலின் பணக்கார மாமா மான்ட்டிக்கு வடக்கே பென்ரித் பக்கத்தில் ஒரு கிராமத்து வீடு இருக்கிறது. அவரிடம் நைசாகப் பேசிச் சாவியை வாங்கிக்கொண்டு, ஒற்றை விளக்கு எரிகிற பழைய ஜாகுவாரில் கிளம்புகிறார்கள்.

கிராமத்தில் மழை கொட்டுகிறது. விறகு இல்லை, சாப்பாடு இல்லை. பூட்ஸ் இல்லாததால் காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். உயிரோடு கிடைத்த கோழியை என்ன செய்வது என்று தெரியாமல் முழிக்கிறார்கள். துப்பாக்கியால் மீன் பிடிக்கப் பார்க்கிறார்கள். அப்புறம் மான்ட்டி மாமாவே வந்து சேர்கிறார். அவர் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைப் பின்னால் பார்ப்போம். ஒருவழியாக லண்டன் திரும்பினால், மார்வுட்டுக்கு ஒரு நாடகத்தில் முக்கிய வேடம் கிடைத்திருக்கிறது. அவன் முடியை வெட்டிக்கொண்டு பெட்டியோடு கிளம்புகிறான். வித்னெயில் மழையில் தனியாக நிற்கிறான்.

அவ்வளவுதான் படம்.

வாழ்ந்து பார்த்ததை எழுதியது

ராபின்சன் லண்டனில் சென்ட்ரல் ஸ்கூல் ஆஃப் ஸ்பீச் அண்ட் டிராமாவில் நடிப்புப் படித்தவர். அறுபதுகளின் கடைசியில் நண்பர்களோடு காம்டனில் ஒரு வீட்டில் இருந்தார். ஒவ்வொருத்தராகக் காலி செய்துவிட்டுப் போக, பஞ்சத்தில் தான் மட்டும் மிஞ்சியபோது எழுத ஆரம்பித்ததுதான் இது. முதலில் எழுதியது நாவல், 1969–70 வாக்கில். அச்சேறவில்லை. கைப்பிரதியாகவே நண்பர்களிடையே சுற்றியது. பத்து வருஷத்துக்கு மேல் கழித்து, எண்பதுகளின் தொடக்கத்தில், ஒருவர் பணம் கொடுத்து அதைத் திரைக்கதையாக மாற்றச் சொன்னார்.

வித்னெயிலுக்கு மாதிரி, கூட இருந்த விவியன் மெக்கெரல் என்ற நடிகர். அழகர், படித்தவர், பேச ஆரம்பித்தால் யாரும் எழுந்து போக முடியாது என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால் வேலை என்று எதையும் முழுசாகச் செய்ததில்லை. நடித்தது கொஞ்சம், குடித்தது நிறைய. 1995-இல் தொண்டைப் புற்றுநோயில் இறந்தார். தன் பெயரில் எதையும் சாதிக்காத ஒரு மனிதர், சாதிக்காததாலேயே அழியாத ஒரு பாத்திரமாக ஆகிவிட்டார்.

சிகரெட் லைட்டரில் ஊற்றுகிற திரவத்தை வித்னெயில் குடிக்கும் காட்சி கற்பனை இல்லை, மெக்கெரல் நிஜமாகவே செய்தது என்று ராபின்சன் சொல்லியிருக்கிறார். திரையில் நாம் சிரிக்கிற விஷயங்களில் பல, ஒரு காலத்தில் பக்கத்தில் இருந்தவர் பயந்து பார்த்த விஷயங்கள்.

'இதுல ஜோக் எங்கே?'

படத்துக்குப் பாதிப் பணம் கொடுத்தது ஹேண்ட்மேட் ஃபிலிம்ஸ். பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசனும் அவருடைய நிர்வாகி டெனிஸ் ஓப்ரையனும் ஆரம்பித்த கம்பெனி. அது பிறந்ததே ஒரு நகைச்சுவைப் படத்தைக் காப்பாற்றத்தான். மான்ட்டி பைத்தான் குழுவின் 'லைஃப் ஆஃப் பிரையன்' (1979) படத்திலிருந்து முதலீட்டாளர்கள் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டபோது, ஹாரிசன் தன் வீட்டை அடகு வைத்துப் பணம் போட்டார். ஏன் என்று கேட்டால், படத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது என்றாராம்.

1986-இல் படப்பிடிப்பு தொடங்கிய முதல் சில நாட்களிலேயே ஓப்ரையன் வந்து பார்த்துவிட்டுக் கலவரமானார். காட்சிகள் இருட்டாக இருக்கின்றன, ஜோக்கே இல்லை, நிறுத்திவிடலாம் என்கிற அளவுக்குப் போனார். பைத்தான் படங்களைப் பார்த்துப் பழகியவர் இல்லையா. அந்த மாதிரி கும்மாளத்தை எதிர்பார்த்தார். ராபின்சன் மசியவில்லை. பென்ரித்துக்குப் போகிற, வருகிற பயணக் காட்சிகளுக்குக் கம்பெனி பணம் தர மறுத்தபோது, தன் சம்பளமான 80,000 பவுண்டில் 30,000-ஐப் போட்டு எடுத்ததாகவும், அந்தக் காசு திரும்பி வரவே இல்லை என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

ஓப்ரையனைக் கிண்டல் பண்ணுவது சுலபம். ஆனால் அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கு. இந்தப் படத்தில் ஜோக் என்று தனியாகப் பிரித்தெடுக்கக்கூடிய ஒன்று கிட்டத்தட்ட இல்லை. ஆங்கில ரசிகர்கள் அதிகம் மேற்கோள் காட்டும் வரிகளில் ஒன்று, தாங்கள் தெரியாத்தனமாக விடுமுறைக்கு வந்துவிட்டோம் என்று வித்னெயில் ஒரு விவசாயியிடம் சொல்வது. தாளில் எழுதிப் பாருங்கள், அதில் என்ன சிரிப்பு? யார் சொல்கிறான், எந்தக் கோலத்தில் சொல்கிறான், எந்தக் குரலில் சொல்கிறான் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சிரிப்பு வருகிற வழி

சிரிக்க வைக்க முயற்சி பண்ணாதீர்கள், இந்த ஆட்களுக்குத் தாங்கள் வேடிக்கையானவர்கள் என்றே தெரியாது என்பதுதான் ராபின்சன் நடிகர்களிடம் வற்புறுத்தியது. வித்னெயில் ஒவ்வொரு வார்த்தையையும் நிஜமாகவே உணர்ந்து சொல்கிறான். குளிர்கிறது என்றால் உலகமே தனக்கு எதிராகச் சதி செய்கிற மாதிரி குளிர்கிறது.

இதில் வேலை செய்கிற முக்கியமான பொறி வர்க்கம். வித்னெயிலின் ஆங்கிலம் பெரிய இடத்து ஆங்கிலம். உத்தரவு போட்டே பழகிய தொண்டை. ஆனால் பாக்கெட்டில் காசில்லை, பல நாளாகக் குளிக்கவில்லை. பென்ரித்தில் ஒரு டீக்கடையில் வயசான சீமாட்டிகள் கேக் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே குடித்துவிட்டு நுழைந்து, உலகத்திலேயே உயர்ந்த ஒயின் வேண்டும், இப்பவே வேண்டும் என்று அதட்டுகிறான். அவன் வகுப்புக்கு அந்த அதட்டல் பிறப்புரிமை. நிலைமைக்கு அது பைத்தியக்காரத்தனம். அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தில்தான் நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம்.

அதனால்தான் வசனங்கள் ஞாபகத்தில் நிற்கின்றன. ராபின்சன் அடிப்படையில் எழுத்தாளர். 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்' (1984) திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போனவர். பேச்சுவழக்கு மாதிரி தோன்றும், ஆனால் ஒரு சொல்லை மாற்றினாலும் தாளம் தப்பிவிடும்படி எழுதியிருக்கிறார். சப்டைட்டில் போட்டுப் பார்க்கிற நமக்கு இதில் பாதி நழுவிவிடும் என்பது உண்மைதான். ஒரு யோசனை: முதல் தடவை சப்டைட்டிலோடு, இரண்டாம் தடவை அதை அணைத்துவிட்டு, குரலை மட்டும் கேட்டுப் பாருங்கள். அர்த்தம் புரியாத இடத்தில்கூட வித்னெயிலின் ஆத்திரம் ஒரு ராகம் மாதிரி கேட்கும்.

நடிப்பும் அப்படி அமைந்தது. வித்னெயிலாக வந்த ரிச்சர்ட் ஈ. கிராண்டுக்கு இது முதல் சினிமா. திரையுலகின் மிகப்பெரிய குடிகாரர்களில் ஒருவனாக நடித்த இவருக்கு நிஜத்தில் மது ஒத்துக்கொள்ளாது, உடம்பு ஏற்காது. போதை எப்படி இருக்கும் என்றே தெரியாமல் எப்படி நடிப்பாய் என்று ராபின்சன் ஒத்திகையின்போது ஒரு ராத்திரி குடிக்க வைத்தார். கிராண்ட் படாத பாடு பட்டார். லைட்டர் திரவக் காட்சியில் டப்பாவில் தண்ணீர் இருக்கும் என்று நம்பிக் குடித்தார், ராபின்சன் சொல்லாமல் வினிகர் ஊற்றி வைத்திருந்தார். திரையில் தெரிகிற அந்த முகம் நடிப்பு இல்லை.

மார்வுட்டாக வந்த பால் மெக்கேன் முதலிலேயே தேர்வானவர். அவருடைய லிவர்பூல் உச்சரிப்பு சரிவரவில்லை என்று நீக்கப்பட்டு, பிறகு திரும்பச் சேர்க்கப்பட்டார். மான்ட்டி மாமாவாக ரிச்சர்ட் க்ரிஃபித்ஸ். ஹாரி பாட்டர் படங்களில் ஹாரியைப் படுத்தி எடுக்கும் வெர்னன் டர்ஸ்லி ஞாபகம் இருக்கா? அவரேதான்.

ஒரு பத்தாண்டின் கடைசி நாட்கள்

1969 என்பது சும்மா ஒரு பின்னணி இல்லை. அறுபதுகளின் லண்டன் என்றாலே பளபள உடை, பாட்டு, புரட்சி, சுதந்திரக் காதல் என்றுதான் சினிமா காட்டிவந்தது. இந்தப் படத்தில் அந்த அறுபதுகள் எங்கேயும் இல்லை. ஈரச் சுவர், பழைய செய்தித்தாள், இடித்துத் தள்ளப்படும் கட்டடங்கள், அழுக்குப் பாத்திரம். விருந்து முடிந்து எல்லாரும் போன பிறகு மேஜையைப் பார்க்கிற மாதிரி.

இதை வாய்விட்டுச் சொல்கிறவன் போதைமருந்து விற்கும் டேனி. பன்னிரண்டு தாள்களை ஒட்டிச் சுருட்டும் பிரம்மாண்டமான கஞ்சாச் சுருட்டைக் கண்டுபிடித்த பெருமைக்குரியவன். இழுத்து இழுத்துப் பேசுகிற அவன்தான், கடைசியில், படத்தின் ஒரே அரசியல் உரையை ஆற்றுகிறான். மகத்தான பத்தாண்டு முடியப்போகிறது, ஹிப்பி விக்கை வுல்வொர்த்ஸ் கடையில் விற்கிறார்கள், நாம் நினைத்ததைச் செய்ய முடியாமல் போய்விட்டது என்பது அவன் பேச்சின் சாரம். ஒரு கனவு கடைச்சரக்காக மாறிய தருணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன படம் எனக்குத் தெரிந்து இல்லை.

பாட்டும் அப்படித்தான். தொடக்கத்தில் கிங் கர்ட்டிஸின் சாக்ஸபோனில் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்'. மார்வுட் பயந்துபோன கண்களோடு புகை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அது மேடையில் வாசித்தபோது பதிவானது, வருஷம் 1971. அதே வருஷம் கர்ட்டிஸ் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 1969-இல் நடக்கும் கதைக்கு 1971 பதிவு பொருந்தாது என்று கணக்குப் பார்க்கலாம். ஆனால் ஆறிப்போன ஒரு காலத்தின் குரலாக அது கச்சிதமாக உட்காருகிறது. லண்டனை விட்டுக் கிளம்பும்போதும் திரும்பி வரும்போதும் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். கடைசியில் வீட்டில் பீட்டில்ஸின் 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்'. அது ஹாரிசன் எழுதிய பாட்டு. பீட்டில்ஸின் அசல் பதிவு ஒரு சின்னப் படத்துக்குக் கிடைத்ததன் ரகசியம் அதுதான்.

மான்ட்டி மாமா என்கிற சிக்கல்

இந்தப் படத்தை விரும்புகிறவர்கள் தாண்டிப் போக முடியாத இடம் ஒன்று உண்டு. மான்ட்டி ஒருபால் ஈர்ப்பு கொண்டவர். கிராமத்து வீட்டுக்கு அவர் வருவது மார்வுட்டைத் தேடித்தான். ராத்திரியில் அவன் அறைக்குள் நுழைந்து, அவன் வேண்டாம் என்ற பிறகும் விடாமல் நெருக்குகிறார். அந்தக் காட்சி சிரிப்புக்கும் பயத்துக்கும் நடுவே தள்ளாடுகிறது. வயதான ஓரினச் சேர்க்கையாளர் என்றாலே வேட்டைக்காரர் என்கிற பழைய கேலிச்சித்திரம்தானே இது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

பதிலில் இரண்டு விஷயம் சேர வேண்டும். ஒன்று, இது எங்கிருந்து வந்தது என்பது. ராபின்சன் இளைஞராக இருந்தபோது ஃபிராங்கோ ஜெஃபிரெல்லியின் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' (1968) படத்தில் பென்வோலியோவாக நடித்தார். அந்தப் படப்பிடிப்பில் இயக்குநரால் தான் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகவும், மான்ட்டி கேட்கிற விசித்திரமான கேள்வி ஒன்று அப்படியே தன்னிடம் கேட்கப்பட்டது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் இது ஒரு கேலிச்சித்திரக்காரனின் பார்வை மட்டும் இல்லை, அதிகாரம் உள்ள ஒருவரிடம் மாட்டிக்கொண்ட இளைஞனின் ஞாபகமும்கூட.

இரண்டு, படம் மான்ட்டியை அந்த இடத்திலேயே விட்டுவிடுவதில்லை. மார்வுட்டைப் பற்றி அவருக்குப் பொய் சொன்னவன் வித்னெயில். வீட்டுச் சாவி கிடைப்பதற்காக, என் நண்பனும் உங்களைப் போலத்தான் என்று கதை கட்டிவிட்டிருக்கிறான். அதாவது சிநேகிதனை விற்றிருக்கிறான். தப்பிக்க வழியில்லாமல், நானும் வித்னெயிலும்தான் பல வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறோம் என்று மார்வுட் புளுகியதும் மான்ட்டி உடைந்துபோகிறார். இரண்டு பேர் காதலுக்கு நடுவே வந்துவிட்டேனே என்று மன்னிப்புக் கடிதம் எழுதிவைத்துவிட்டு விடிவதற்குள் போய்விடுகிறார். இங்கிலாந்தில் ஒருபால் உறவு குற்றமில்லை என்று சட்டம் வந்தது 1967-இல். அதுவும் இருபத்தொரு வயது தாண்டிய ஆண்கள், தனிமையில் மட்டும் என்ற நிபந்தனையோடு. மான்ட்டியின் இளமை முழுக்கச் சிறைக்குப் பயந்து கழிந்திருக்க வேண்டும். க்ரிஃபித்ஸ் அந்தத் தனிமையைக் கொண்டுவந்து வைக்கிறார். செய்தது மன்னிக்கக்கூடியது ஆகிவிடுவதில்லை, ஆள் வெறும் கேலிப்பொருளாகவும் நின்றுவிடுவதில்லை.

இதற்காகப் படத்தை மன்னிக்கலாமா கூடாதா என்பதை நான் தீர்த்துவைக்கப் போவதில்லை. ஆனால் அந்தக் காட்சியில் சிரித்துவிட்டு, ஏன் சிரித்தோம் என்று சங்கடப்படுவதும் இந்தப் படம் பார்க்கிற அனுபவத்தில் ஒரு பகுதி.

படமும் ரசிகர்களும்

தியேட்டரில் ஓடாத படம் வீடியோ கேசட்டில் பிழைத்தது. கல்லூரி விடுதிகள், வாடகை அறைகள், கைமாறிக் கைமாறித் தேய்ந்த டேப்புகள். ஒரு நண்பர் இன்னொரு நண்பரை உட்கார வைத்துக் காட்டிய படம் இது. விளம்பரம் சொல்லி வரவில்லை, அதனாலேயே ஒவ்வொருத்தருக்கும் இது தன்னுடைய படம் என்று தோன்றியது. சொல்லப்போனால் வழிபாட்டுப் படம் என்பதன் பாதி அர்த்தம் அதுதான்: எனக்கு இதைக் காட்டியவர் யார் என்பது ஞாபகத்தில் இருக்கும்.

படத்தின் கிராமத்து வீடு நிஜத்தில் கம்ப்ரியாவில் ஷாப் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஸ்லெடேல் ஹால். பல வருஷம் பாழடைந்து கிடந்தது. ரசிகர்கள் போய்ப் போய்ச் சுவரில் வசனங்களைக் கிறுக்கிவிட்டு வந்தார்கள். 2009-இல் அது விற்பனைக்கு வந்தபோது, கடைசியில் வாங்கியவரும் படத்தின் ரசிகர்தான். வித்னெயில் நின்று பேசும் சிவப்பு டெலிபோன் பூத் பாம்ப்டன் கிராமத்தில் இருக்கிறது, அதற்கும் யாத்திரை உண்டு. பென்ரித் டீக்கடை மட்டும் பென்ரித்தில் இல்லை. தெற்கே எங்கேயோ மில்டன் கீன்ஸ் பக்கத்தில் ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபர்ட் என்ற ஊரில் எடுத்தார்கள்.

இதெல்லாம் சந்தோஷமான விஷயம். நெருடுகிற விஷயம் ஒன்றும் இருக்கிறது. படம் ஓடும்போது வித்னெயில் எதையெல்லாம் குடிக்கிறானோ அதையெல்லாம் கூடவே குடித்துக்கொண்டு பார்ப்பது என்று மாணவர்களிடையே ஒரு விளையாட்டு உண்டு. ஒயின், ஜின், செர்ரி, விஸ்கி, சைடர் என்று பட்டியல் போகும். லைட்டர் திரவம் விஷம், அதை யாரும் தொடக்கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டிய அளவுக்கு அந்த விளையாட்டு பிரபலம். ஒரு மனிதன் தன்னையே கரைத்துக்கொள்வதைக் காட்டும் படத்தை, அவனோடு சேர்ந்து கரைவதற்கான அழைப்பாக எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய முரண்! மெக்கெரலின் கதை தெரிந்த பிறகு அந்த விளையாட்டு இன்னும் கசக்கிறது.

இதற்கு ரசிகர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. வித்னெயில் அவ்வளவு கவர்ச்சியானவன். கோழை, பொய்யன், சுயநலக்காரன், ஆனாலும் அவன் இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவனையே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றும். இந்த மாதிரி ஒரு சிநேகிதன் வாய்த்தவர்களுக்குத் தெரியும், அவனோடு இருக்கவும் முடியாது, அவன் இல்லாத இடம் உப்புச்சப்பில்லாமல் இருக்கும். படம் அந்தக் கவர்ச்சியை மறைக்கவில்லை. அதற்கு என்ன விலை என்பதை மட்டும் கடைசிப் பத்து நிமிஷத்தில் வைக்கிறது.

ஓநாய்களுக்கு முன்னால்

படத்தில் மான்ட்டி ஒரு விஷயம் சொல்வார். அவருக்கும் ஒருகாலத்தில் நடிகராகும் ஆசை. ஒரு நாள் காலையில் எழும்போது, இனி ஹாம்லெட் வேடத்தில் நான் நடிக்கப்போவதே இல்லை என்று புரிகிறதே, ஒரு இளைஞனின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய இடி இல்லை என்கிறார். அப்போது அது ஒரு கிழவரின் அலங்காரப் பேச்சு மாதிரி போய்விடும், நாமும் சிரித்துவிட்டுத் தாண்டிவிடுவோம்.

கடைசிக் காட்சியில் மார்வுட் ரயிலுக்குக் கிளம்புகிறான். மான்ட்டியின் பாதாள அறையிலிருந்து கிளப்பிய 1953 மார்கோ ஒயின் புட்டியோடு வித்னெயில் ரீஜென்ட்ஸ் பூங்கா வழியாகக் கூடவே வருகிறான். மழை. ஸ்டேஷன் வரைக்கும் வர வேண்டாம் என்று மார்வுட் சொல்லிவிடுகிறான். உன்னை ரொம்பத் தேடுவேன் என்றும் சொல்கிறான். போய்விடுகிறான்.

வித்னெயில் குடையைப் பிடித்துக்கொண்டு, மிருகக்காட்சிசாலையின் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓநாய்களைப் பார்த்து, ஹாம்லெட் இரண்டாம் அங்கத்தில் பேசும் வசனத்தைச் சொல்கிறான். உலகம் எவ்வளவு அழகானது, மனிதன் எவ்வளவு உயர்ந்த படைப்பு, ஆனாலும் எனக்கு எதிலும் மகிழ்ச்சி இல்லாமல் போய்விட்டதே என்று வருந்தும் இடம். நாடகத்தில் ஹாம்லெட் இதைச் சொல்வது ரோசன்கிரான்ட்ஸ், கில்டன்ஸ்டெர்ன் என்ற இரண்டு பழைய சிநேகிதர்களிடம், அவர்கள் தனக்கு உண்மையாக இல்லை என்று தெரிந்த பிறகு. இங்கே சிநேகிதனும் போய்விட்டான். துரோகம் செய்தவனே வசனத்தைப் பேசுகிறான். கேட்பதற்கு ஓநாய்கள்தான்.

அடி விழுவது எங்கே தெரியுமா? அவன் நன்றாக நடிக்கிறான். அதுவரைக்கும், இவன் வாய்ச்சொல் வீரன், திறமை ஒன்றும் இருக்காது என்றுதான் நினைத்திருப்போம். வேலை கிடைக்காததற்கு உலகத்தைத் திட்டுகிற எல்லாரையும் போல. அந்த இரண்டு நிமிஷத்தில், திறமை இருந்தது, முழுசாக இருந்தது என்று தெரிகிறது. பார்க்க ஆளில்லை. இனி இருக்கப்போவதும் இல்லை. பேசி முடித்துக் குனிந்து வணங்கிவிட்டு, குடையோடு நடந்து போகிறான்.

ராபின்சன் முதலில் எழுதிய நாவலில் முடிவு வேற. துப்பாக்கிக் குழாயில் ஒயினை ஊற்றிக் குடித்துக்கொண்டே வித்னெயில் விசையை இழுத்துவிடுகிறான். ரொம்ப இருட்டாக இருக்கிறது என்று படத்தில் மாற்றிவிட்டார். என்னைக் கேட்டால், மாற்றியதுதான் கனம் அதிகம். சாவு ஒரு முற்றுப்புள்ளி. இதில் அவன் நாளைக்கும் எழுந்திருக்க வேண்டும், நாளை மறுநாளும். அந்த ஈர வீட்டுக்குத் தனியாகத் திரும்பிப் போக வேண்டும்.

அப்போ ஏன் நிலைக்கிறது?

கல்ட் படங்களை ஆட்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது வசனத்துக்காக என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கேயும் அது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. இந்தப் படம் பார்க்கிறவரின் வயதோடு சேர்ந்து இடம் மாறுகிறது.

இருபது வயதில் பார்த்தால் இது வித்னெயிலின் படம். வறுமைகூட சாகசம் மாதிரி இருக்கும், நாளைக்கு எல்லாம் நடந்துவிடும் என்கிற நினைப்பு இருக்கும். முப்பதில் பார்த்தால் மார்வுட்டின் படம். ஒரு நாள் முடியை வெட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நேசித்த ஒருத்தரைப் பின்னால் விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வரும். விட்டது துரோகமா, பிழைப்பதற்கு வேறு வழியில்லையா என்று மனசு பட்டிமன்றம் நடத்தும். இன்னும் வயதானால் மான்ட்டியின் அந்த ஒரு வரி, அன்றைக்குச் சிரித்துவிட்டுத் தாண்டிய வரி, தொண்டையில் நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. விட்டுவிட்டுப் போனவன்தான் கதையை எழுதுகிறான். படம் முழுக்க நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கிக்கொண்டிருப்பவன் மார்வுட், அதாவது ராபின்சன். மெக்கெரல் போன்றவர்கள் பேசினார்கள், காற்றோடு போனது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் எழுதி வைத்ததால் அது மிஞ்சியது. ஒரு நட்பைக் காப்பாற்ற முடியாதவர், அதன் குரலையாவது காப்பாற்றியிருக்கிறார். ஒருவகையில் இந்தப் படம், ஸ்டேஷன் வரைக்கும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தவன், இருபது வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தது.

பார்க்காதவர்கள் பாருங்கள். வடக்கு இங்கிலாந்தின் மழைக்கு ஒரு போர்வை, சூடாக ஒரு டீ போதும். வேறெதுவும் குடிக்க வேண்டாம். கூட ஒரு நண்பர் இருந்தால் நல்லது, பல வருஷமாகப் பேசாமல் விட்ட நண்பராக இருந்தால் இன்னும் நல்லது.